கை வைத்துச் சொன்ன டயர்

கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி போகும் வழியில் ஒரு நூல் மில் மூடிக் கிடக்கிறது. பஞ்சு லாரிகள் நின்று திரும்ப அந்தக் காலத்தில் போட்ட சிமெண்டுத் தளம் இன்னும் வெடிப்பில்லாமல் கெட்டியாக இருக்கிறது. மோட்டார் கிளப்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வாடகைக்கு எடுப்பார்கள். தளம் முழுக்க ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து வளைந்து நெளிந்த வழி ஒன்றை உண்டாக்குவார்கள். ஒவ்வொரு காராக உள்ளே விடுவார்கள். கூம்பைத் தட்டாமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறாரோ அவருக்குக் கோப்பை. ஆட்டோகிராஸ் என்று அதற்குப் பெயர். பல் டாக்டர், பம்புசெட் முதலாளி, தென்னந்தோப்புக்காரர் மகன் என்று வருகிறவர்கள் எல்லாருமே வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கிறவர்கள். வீட்டுக் காரைத்தான் ஓட்டி வருவார்கள். சாயங்காலம் அதே காரில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போவார்கள்.

டயர் விதி அவர்களுக்காக வந்ததுதான். ஒரு சமயம் வசதியான இரண்டு மூன்று பேர் வெளிநாட்டுப் பந்தய டயர்களை வரவழைத்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். மெத்தென்று இருக்கும் அந்த ரப்பர் தரையைக் கவ்விப் பிடிக்கும். வளைவில் வண்டி வழுக்காது. சீக்கிரமே தேய்ந்துபோகும். போனால் அவர்களுக்கென்ன? சாதா டயரில் வந்தவர்களுக்கு மனசு விட்டுப்போயிற்று. கிளப்பில் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டார்கள். டயரின் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ என்று ஓர் எண் பொறித்திருக்கும். எண் கூடினால் ரப்பர் கெட்டி, மெதுவாகத் தேயும். எண் குறைந்தால் ரப்பர் மெத்து, பிடிமானம் அதிகம். ரோட்டு டயர் வகுப்பில் ஓட வேண்டுமானால் அந்த எண் இருநூறுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று வைத்தார்கள். யாராவது சந்தேகம் கிளப்பினால் டயரைக் கழற்றிக் கத்தியால் குறுக்கே அறுத்து உள்ளே என்ன ரப்பர் என்று பார்க்கலாம் என்றும் விதியில் இருந்தது.

இதுவரை எந்த டயரையும் அறுத்ததில்லை. அறுக்க வேண்டிய அவசியமில்லாமல் காளிச்சாமி இருந்தார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் லாரி டயர்களுக்கு ரீட்ரெடிங் செய்யும் கம்பெனி அவருடையது. தேய்ந்த டயரை உரசிச் சுத்தம் செய்து, மேலே புது ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, சேம்பர் என்கிற சூட்டறையில் வேக வைத்து எடுக்கிற தொழில். வால்பாறை ஏறுகிற லாரிக்காரன்கூட காளிச்சாமி போட்ட டயர் என்றால் திருப்பிப் பார்க்காமல் மாட்டுவான். அவருக்குப் பந்தயத்தில் ஆசை கிடையாது. கிளப் செயலாளர் ராமுலு வீடு தேடி வந்து, “டயரைப் பத்தி உங்களாட்டம் தெரிஞ்சவங்க நம்ம பக்கத்துல இல்லீங்கண்ணா. நீங்க வந்து சும்மா நின்னாப் போதும், பசங்க தப்புப் பண்ணக் கூசுவாங்க” என்று கேட்டுக்கொண்டதால் வந்தார். சந்தேகம் வந்தால் கத்தியைத் தேடுவதற்குப் பதில் அவரைக் கூப்பிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிவார். உள்ளங்கையை டயர்மேல் வைத்து ஒரே ஒரு தேய்ப்பு. பிறகு நிமிர்ந்து, “சரியான டயருங்க” என்பார். இல்லாவிட்டால், “கழட்டிப்போடு கண்ணு” என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. அவர் சொன்ன பிறகு டயரை அறுப்பது அவர் முகத்தில் கீறுவது மாதிரி என்று எல்லாரும் நினைத்தார்கள். காளிச்சாமியும் அப்படித்தான் நினைத்தார்.

அவர் குடும்பத்தில் சொன்ன சொல் தவறியவர் என்று யாரும் இல்லை. அதை அவர் வெளியாட்களிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நடக்கிற நடையிலேயே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் மனோஜ்குமார் ஓட வந்திருந்தான். மனைவி புவனா, ஒரு குழந்தை என்று குடும்பஸ்தன்; கம்பெனியில் பாதிப் பொறுப்பு இப்போது அவனுடையது. மகன் வண்டியை அப்பா பார்ப்பது முறையில்லை என்பதால் மனோஜின் டயர்களை ராமுலு பார்ப்பார். ராமுலுவின் மகன் தேஜாவின் டயர்களைக் காளிச்சாமி பார்ப்பார். பையன்கள் இரண்டு பேரும் ரோட்டு டயர் வகுப்பில் ஓடுகிறவர்கள். கோப்பை பெரும்பாலும் தேஜாவின் கையில்தான் போய்ச் சேரும். மனோஜ் சிரித்துக்கொண்டே கைகொடுப்பான். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டான்.

அன்று முதல் சுற்றில் மனோஜ் நேரக் கணக்கில் தேஜாவை முந்தினான். கைதட்டினவர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு முந்தினான். வண்டி வளைவுகளில் சிணுங்கவே இல்லை. தேஜா தன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு மனோஜின் காரருகே போய் உட்கார்ந்தான். முன்சக்கரத்தை ஒரு விரலால் அழுத்தினான். பிறகு அப்பாவைக் கூப்பிட்டான்.

“நைனா, சித்த இங்க வாங்க.”

“என்னடா?” என்று ராமுலு வந்தார். கூடவே நாலு பேர் வந்தார்கள்.

“இந்த டயர் கையில ஒட்டுதுங்க. பக்கத்துல எரநூத்தி இருபதுன்னு போட்டிருக்குது. என்ற டயர்லயும் அதே நம்பர்தான். ரெண்டும் ஒரே ரப்பர் கெடையாதுங்க.”

பல் டாக்டர் திருமூர்த்தி சிரித்தார். “தோத்தவன் கைக்கு எல்லாமே ஒட்டத்தாஞ் செய்யும் தம்பி.”

“மொதல்ல ஓட்டக் கத்துக்கடா” என்றான் மனோஜ், காரின் கதவில் சாய்ந்தபடி. “டயரைத் தடவிப் பாத்து என்ன பண்ணப் போற? மாவு பெசையப் போறயா?”

“ஓட்டறதெல்லாம் நல்லாத்தாண்ணா ஓட்டுனீங்க. அறுத்துப் பாத்துப்போடலாமே. நான் சொன்னது தப்பா இருந்தா புது டயர் வாங்கித் தாரேன்.”

கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. அறுப்பது என்ற வார்த்தையை அந்தத் தளத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

ராமுலு சங்கடத்தோடு கழுத்தைத் தடவிக்கொண்டார். காலையில் அந்த டயர்களைப் பார்த்து அனுப்பியவர் அவரே. எண்ணைப் படித்தார், சரி என்று சொன்னார். இப்போது கேட்பது அவர் பெற்ற பிள்ளை. கத்தியைக் கொண்டுவரச் சொன்னால் மகனுக்காகச் சொன்னார் என்று பேச்சு வரும். தன் பக்கம் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று தனக்குச் சேர வேண்டியதையும் விட்டுக்கொடுக்கிற மனுசன் அவர். தூரத்தில் தண்ணீர்க் கேனருகே நின்றிருந்த காளிச்சாமியைக் கைகாட்டி அழைத்தார்.

“அண்ணா, என்ற பையன் கேக்கறான். நான் தீர்ப்புச் சொன்னா நல்லா இருக்காதுங்க. நீங்களே கை வெச்சுச் சொல்லிப்போடுங்க.”

“மகன் வண்டிக்கு அப்பாவே தீர்ப்பா?” என்றார் டாக்டர்.

ராமுலு அவரைத் திரும்பிப் பார்த்தார். “டாக்டர், அவரு காளிச்சாமி அண்ணனுங்க. மகன்னு பார்ப்பாரா?”

டாக்டர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். வேறு ஊராக இருந்தால் இந்நேரம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றியிருப்பார்கள். இங்கே சந்தேகப்பட்டவனின் அப்பா மரியாதைக்கு ஒதுங்கி, சந்தேகத்துக்கு ஆளானவனின் அப்பாவிடமே முடிவைக் கொடுத்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் அதுதான் பெருந்தன்மை என்று தலையாட்டினார்கள்.

காளிச்சாமி குனிந்தார். உள்ளங்கையை வைத்தார். தேய்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ரப்பர் தோல் மாதிரி கையோடு வந்தது. பக்கவாட்டும் மேற்பட்டையும் சேருகிற இடத்தில் கறுப்பு பாலிஷ் தடவி மறைத்திருந்தது. பாலிஷ் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை வந்தது. டயரையும் பட்டையையும் ஒட்டுவதற்கு நடுவில் வைக்கிற பசை ரப்பரின் வாசனை. அவர் கம்பெனியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மூக்கில் ஏறுகிற வாசனை. எண் பொறித்த நல்ல டயரின் மேற்பட்டையை உரசி எடுத்துவிட்டு, அதன்மேல் பந்தய ரப்பரைச் சுற்றி, அவருடைய சேம்பரிலேயே வேக வைத்திருக்கிறான் மனோஜ். பக்கத்தில் இருக்கிற எண் பொய் சொல்லவில்லை. அது உரசி எடுத்த ரப்பருக்குரிய எண், அவ்வளவுதான்.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்தது. லாரி டயருக்கு வைக்கிற சூடு இந்தச் சின்ன டயருக்கு ஒத்துவராது. ஒட்டு நிற்குமா, நிற்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பெனியில் கார் டயர் போடவே கூடாது என்று அவர் வைத்திருந்ததே அதற்காகத்தான்.

தலையைத் தூக்கினார். மகன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. சுற்றிலும் தெரிந்த முகங்கள். பத்திரிகை வைத்தால் குடும்பத்தோடு வருகிறவர்கள், நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள். காளிச்சாமி மகன் திருட்டு டயரில் ஓடினான் என்று இவர்கள் அத்தனை பேரும் சாயங்காலத்துக்குள் அவரவர் வீட்டில் சொல்வார்கள். இந்தக் குடும்பத்தைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் இதுவரை சொன்னதில்லை.

“சரியான டயருங்க” என்றார்.

தேஜா ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு தன் விரல்களைப் பார்த்தான். “சரீங்க பெரியப்பா” என்றான். மனோஜிடம் போய்க் கைகொடுத்தான். “தப்பா நெனைக்காதீங்கண்ணா.”

“உடுடா உடுடா” என்றான் மனோஜ்.

கூட்டம் கலைந்ததும் காளிச்சாமி மகனைக் காரின் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“இனி ஓட்டாத. கிளட்ச் போச்சுன்னு சொல்லிப்போட்டு வண்டிய லாரில ஏத்து.”

“எதுக்குங்க?”

“எதுக்குன்னு எங்கிட்ட கேக்கற?”

மனோஜ் பார்வையை வேறு பக்கம் திருப்பினான். “விதில பக்கத்துல இருக்கற நம்பரத்தானுங்க பாக்கச் சொல்லியிருக்குது. நம்பர் சரியா இருக்குது.”

“ஒட்டு நிக்காதுடா.”

“ரெண்டு வாட்டி ஓட்டிப் பாத்துட்டேனுங்க, நிக்குது.” சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “சரியான டயருன்னு நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு. இப்ப நான் வண்டிய ஏத்துனா என்னன்னு நெனைப்பாங்க? அப்பன் பொய் சொன்னான், மகன் பயந்து ஓடறான்னு நெனைக்க மாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க.”

காளிச்சாமி ஓடு என்றும் சொல்லவில்லை, ஓடாதே என்றும் மறுபடி சொல்லவில்லை. மனோஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

அந்த வகுப்பில் ஆள் அதிகம் என்பதால் இரண்டு அணியாகப் பிரித்திருந்தார்கள். ஓர் அணி ஓடும்போது மற்ற அணிக்காரர்கள் தளத்துக்குள் நின்று சாய்கிற கூம்புகளை நிமிர்த்த வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கிற வழக்கம் அங்கே கிடையாது. போட்டிக்காரன்தான் போட்டிக்காரனுக்குக் கூம்பு எடுத்து வைப்பான். மில்லின் சுவரோரம் இருந்த கடைசி வளைவில் தேஜா நின்றான். முந்தைய கார் தட்டிவிட்டுப் போன கூம்பு ஒன்று அவனுக்கு நாலடி தள்ளிக் கிடந்தது.

மனோஜின் கார் வந்த வேகத்தைப் பார்த்து ஒருவர் விசில் அடித்தார். வளைவில் வண்டி சாய்ந்தது. அப்போது முன்சக்கரத்திலிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று பாம்பு மாதிரி எழுந்து காரின் பக்கவாட்டில் அறைந்தது. பட்டை பிரிந்துவிட்டது. பிடிப்பு போன கார் வளைவை எடுக்காமல் நேராகப் போயிற்று. தேஜா கூம்பைக் கையில் எடுத்து நிமிர்ந்துகொண்டிருந்தான்.

காருக்கும் சுவருக்கும் நடுவில் அவன் இடது கால் சிக்கியது.

எல்லாரும் அவனை நோக்கி ஓடினார்கள். காரைத் தள்ளி அவனை எடுத்தார்கள். டாக்டர் தன் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினார். தேஜா கத்தவில்லை, ராமுலுதான் “கண்ணு, கண்ணு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வருகிற வரை யாருக்கும் வேறு நினைவில்லை. காளிச்சாமி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மனோஜ் தரையில் கிடந்த ரப்பர்ப் பட்டையைச் சுருட்டிக் காரின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் தேஜாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் போலீஸ் ஏட்டு ஒருவர் வந்து விசாரித்தார். கிளப் ஆட்கள் வராந்தாவில் நின்றார்கள். காளிச்சாமியும் நின்றார். ராமுலு ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தார். ஆனாலும் ஏட்டுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

“வண்டியில கோளாறு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?” என்று கேட்டார் ஏட்டு.

“இல்லீங்க. டயர் வெடிச்சுப்போச்சு. யாருக்கு வேணும்னாலும் வெடிக்கும்.”

“டயர் மேல உங்க பையனே சந்தேகம் சொன்னதாப் பேச்சு வந்துச்சே.”

“சொன்னான். அதுக்கப்புறம் இவரு கை வெச்சுப் பாத்தாருங்க.” ராமுலு காளிச்சாமியின் தோளைத் தொட்டுக் காட்டினார். “காளிச்சாமி அண்ணன் பாத்துச் சரின்னு சொன்ன டயர். அதுக்கு மேல அதுல பேச என்னங்க இருக்குது? அந்தப் பையன் மேல கேசு கீசு வேண்டாம். அவனும் எங்க பையன்தான்.”

ஏட்டு காளிச்சாமியைப் பார்த்தார். காளிச்சாமி வணக்கம் வைத்தார். ராமுலுவின் மனைவி கனகம் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி முதல் டம்ளரை அவருக்குத்தான் நீட்டினாள். “நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. குடிங்க” என்றாள். அவர் வாங்கிக் குடித்தார். குடித்ததை நினைத்துப் பிறகு பலமுறை கூசினார்.

அங்கிருந்து நேரே கம்பெனிக்குப் போனார். பாய்லர் அடுப்பிலிருந்து ரப்பர் கரிகிற நாற்றம் வந்தது. மனோஜ் தனியாக நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாலு டயரும் போச்சா?”

“போச்சுங்க. அந்தப் பட்டையும் போச்சு.” குரல் கட்டியிருந்தது. அழுதிருக்கிறான் என்று தெரிந்தது. “நான் என்ன வேணும்னாங்க செஞ்சேன்? ஒரே ஒரு வாட்டி அவன செயிச்சுப் பாக்கலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான்.”

“ராமுலு கிட்டச் சொல்லிப்போடலாம் வா. ரெண்டு பேரும் போலாம்.”

“சொல்லி?” மனோஜ் திரும்பினான். “அவன் காலு வந்துருமா? நம்ம கம்பெனிப் பட்டை பிரிஞ்சு ஆளு முடமாப் போச்சுன்னா நாளைக்கு எந்த லாரிக்காரன் நம்மகிட்ட டயர் குடுப்பான்? என்னையப் புடிச்சு உள்ள வெப்பாங்க. புவனாவும் பாப்பாவும் என்ன பண்ணுவாங்க?” பிறகு மெதுவாகச் சொன்னான். “நீங்க சொன்னது சொன்னதாவே இருக்கட்டுங்கப்பா. நம்ம குடும்பத்துல சொன்ன சொல்ல மாத்துனது கெடையாதுன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க.”

வாழ்நாள் முழுக்க மகனுக்குச் சொல்லி வளர்த்ததை மகன் திருப்பிச் சொன்னான். காளிச்சாமி அடுப்பின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி சுப்பாத்தாள் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் தட்டைத் தொடவில்லை. நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். தேஜா சின்ன வயதில் லீவுக்கு வந்தால் அந்த வீட்டில்தான் கிடப்பான். அவள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான்.

“இப்ப நான் போய் மாத்திச் சொன்னா, ஊர்ல என்ன பேரு மிஞ்சும்?” என்றார்.

“ஏனுங்க, பேரைக் காப்பாத்தத்தானுங்க அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?”

“ஆமா.”

“காப்பாத்தியாச்சு. அத வெச்சுட்டு இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இருந்தும் மூன்று நாள் ஓடிற்று. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனார். சொல்ல வேண்டும் என்று போவார், ராமுலு எழுந்து நின்று இடம் கொடுப்பார், சொல்லாமல் திரும்புவார். இதற்குள் கிளப்பில் முணுமுணுப்புக் கிளம்பியது. பட்டை தனியாகப் பறந்ததைப் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். ராமுலு அவர்களுக்குப் போன் போட்டு, மகன் படுத்திருக்கும் அறைக்கு வெளியே நின்றுகொண்டு சண்டை போட்டார். “அந்த மனுசன் சொல்லையே சந்தேகப்படறீங்கன்னா நீங்க கிளப்புக்கே வராதீங்க” என்றார். வராந்தாத் திருப்பத்தில் நின்ற காளிச்சாமியின் காதில் அது விழுந்தது. ராமுலு போனை வைத்துவிட்டுத் திரும்பும் வரை அவர் அங்கேயே நின்றார்.

“வாங்கண்ணா. எப்ப வந்தீங்க?”

“தம்பி முழிச்சிருக்கானா?”

“முழிச்சுட்டுத்தான் இருக்கான்.”

“உள்ள வாங்க. உங்க ரெண்டு பேர் கிட்டயும் ஒண்ணு சொல்லோணும்” என்றார் காளிச்சாமி.

தேஜா சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் படுக்கையோடு படுக்கையாகவும் இருந்தது. கனகம் எழுந்து நாற்காலியைக் காட்டினாள். காளிச்சாமி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மேற்பட்டையை மாற்றியது, தன் சேம்பரில் வேக வைத்தது, கை வைத்தவுடன் தனக்குத் தெரிந்தது, தெரிந்தே சரி என்றது, டயர்களை எரித்தது. எதையும் குறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

கனகம் நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பேசியது தேஜா. “எனக்குத் தெரிஞ்சுது பெரியப்பா. கையில ஒட்டுச்சே. நீங்க சொன்னதும் என்ற கையத்தான் நான் நம்பல.” போர்வையின் தட்டையான பக்கத்தை இழுத்துவிட்டான். “பட்டை நிக்காதுன்னு தெரிஞ்சிருந்தா அந்த வளைவுல போயி நின்னுருக்க மாட்டேன். உங்களுக்கு அதும் தெரிஞ்சிருக்குது.”

“தெரிஞ்சுது.”

“சரீங்க” என்றான் தேஜா. அன்று தளத்தில் சொன்ன அதே பணிவோடு சொன்னான்.

ராமுலு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இத எதுக்குங்க இப்பச் சொன்னீங்க?”

“சொல்லாம இருக்க முடியலீங்க.”

“அது உங்களுக்கு. எங்களுக்கு என்னங்க அதுல?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “இத்தன நாளா உங்க சொல்ல நான் தலையில தூக்கிட்டுத் திரிஞ்சேனுங்க. பழகுனவங்ககிட்ட எல்லாம் சண்ட போட்டேன். நீங்க தெனமும் வந்து பாத்துட்டுத்தானே நின்னீங்க.”

காளிச்சாமி தலை குனிந்தார். “ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுக்கறேனுங்க.”

“நானும் வாரேன்” என்றார் ராமுலு.

இரண்டு பேரும் ஒரே காரில் போனார்கள். சிக்னலில் வண்டி நின்றபோது ராமுலு கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் மதிவதனி முழுவதையும் கேட்டுவிட்டு மனோஜை வரச் சொல்லிப் போன் செய்தாள். அவன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அப்பாவைப் பார்த்தான். ராமுலுவைப் பார்க்கவில்லை. காளிச்சாமி சொன்னதை மதிவதனி அவனிடம் சொன்னாள். அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான்.

“அப்படி ஒண்ணும் இல்லீங்க மேடம். அப்பாவுக்குத் தேஜான்னா உசிரு. காலு போனதுல இருந்து சரியாச் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. எதையோ நெனச்சுட்டு எல்லாத்தையும் தன் மேல போட்டுக்கறாரு. டயர் வெடிச்சுது, அவ்வளவுதானுங்க.”

“அந்த டயர் எங்கே?”

“கிழிஞ்ச டயரை வெச்சு என்னங்க பண்றது? பாய்லருக்குப் போட்டாச்சு. எங்க கம்பெனியில கழிவு ரப்பர் எல்லாம் அதுக்குத்தான் போகும்.”

“மனோஜ்” என்றார் காளிச்சாமி.

“ஊட்டுக்குப் போலாங்கப்பா. அம்மா பயந்துட்டு இருக்குது” என்றான் மகன். எல்லாருக்கும் கேட்கும்படி, மிகவும் அன்பாகச் சொன்னான்.

மதிவதனி பேனாவை மேசைமேல் வைத்தாள். “அப்பா ஒண்ணு சொல்றாரு, மகன் ஒண்ணு சொல்றாரு. பொருளும் இல்ல.” அவள் ராமுலு பக்கம் திரும்பினாள். “அடிபட்டது உங்க பையன். இவர உங்களுக்கு ரொம்ப வருசமாத் தெரியுங்கறீங்க. இவரு இப்பச் சொல்றத நம்பலாமா? நீங்களே சொல்லுங்க.”

காளிச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அறுபத்தாறு வயது வரை யாரும் அவரைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தப் பக்கத்தில் பதில் சொல்ல எத்தனையோ பேர் முந்தியிருப்பார்கள். எல்லாருக்கும் முன்னால் ராமுலு முந்தியிருப்பார்.

ராமுலு அவர் முகத்தையே பார்த்தார். சட்டை காலரிலிருந்து நெற்றி வரை, புதிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எனக்குத் தெரியலீங்க அம்மணி” என்றார். “அன்னைக்குச் சொன்னப்பவும் இதே மொகந்தானுங்க. இதே கொரலுதான்.”

மதிவதனி அதையும் எழுதிக்கொண்டாள். காளிச்சாமி மறுத்துப் பேசவில்லை. ராமுலு சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.